ஸ்னேஹாவின் ஜெம்பேக்குள் ஒரு பெட்ஷீட்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தில் எழுதக்கூடாது என்பார்கள். சரி, ஆறட்டும் என்று மூன்று வாரம் பேனாவைத் தொடாமல் இருந்து பார்த்தேன். ஆறவில்லை. இனிமேல் ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லாததால் எழுதத் தொடங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடம். (தேடிப் போகாதீர்கள், கதைக்காக நானே கட்டிய பள்ளிக்கூடம்.) மனிதர்கள் ஒருவர்போல் ஒருவர் இருப்பதில்லை, இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாற்பது பேரை வட்டமாக உட்காரவைத்து மத்தளம் அடிக்கச் சொன்னார்கள். அந்த நாற்பதில் ஒருத்திக்குக் காது கேட்காது. அவள் மத்தளத்துக்குள் ஒரு பெட்ஷீட்டைத் திணித்துச் சத்தம் வராமல் செய்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் கதை. முழுதும் சொல்லியாகிவிட்டது. வேலை இருப்பவர்கள் கிளம்பலாம், வருத்தமில்லை.

மிச்சமிருப்பவர்களிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு மேடையில் படிக்கத் தொகுப்புரை எழுதிக்கொடுத்தது நான். “ஒவ்வொரு கையும் வேறு, ஒவ்வொரு ஓசையும் வேண்டும்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மதிப்பு கூடியது. பிறகு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டவும் செய்தேன்.

2

தொடக்கங்கள்.

“ஜூலை மாதத்தின் மெல்லிய குளிரில், மழைமரங்களின் நிழல் சாலையில் கோலமிட, காக்ஸ் டவுன் தேவாலய மணி—”

வேண்டாம். பெங்களூரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கைக்கு முதலில் வருவது குளிரும் மரமும்தான். அந்தப் பிள்ளையின் மத்தளத்தை அடைத்தது குளிருமில்லை, மரமுமில்லை.

“ஜோவிதாவுக்கு மத்தளச் சத்தம் என்றாலே ஆகாது. முதல் நாளே அவளுக்கு மனதில் ஏதோ—”

பொய். ஜோவிதாவுக்கு மத்தளம் பிடித்திருந்தது. எல்லாருக்குமே பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தோன்றியிருந்தால் கதை எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

(ஜோவிதா என்பது அவள் உண்மைப் பெயரில்லை. எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கிறாள். நடந்ததை மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னவள் அவள்தான். “எழுதுங்க, பேரை மட்டும் மாத்திடுங்க” என்று இந்தப் பெயரையும் அவளே தேர்ந்தெடுத்தாள்.)

மூன்றாவது தொடக்கம் கீழே. அலங்காரம் எதுவும் இல்லாததால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஸ்னேஹாவுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இடது காதில் ஒரு கருவி மாட்டியிருக்கிறாள். கதவைப் படாரென்று சாத்தினால் அதில் தெரியும், பேச்சு தெரியாது. அவள் அம்மா செண்பகம் கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி மர்பி டவுனுக்கு வந்தவர். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். மூன்று பள்ளிக்கூடங்கள் “எங்ககிட்ட வசதி இல்லம்மா” என்று கைவிரித்த பிறகு, நான்காவதாக இந்தப் பள்ளிதான் ஸ்னேஹாவுக்கு இடம் கொடுத்தது.

அவளுக்குத் துணையாக வகுப்பில் உட்கார ஜோவிதாவை வைத்தார்கள். ஜோவிதா சைகை மொழி முறையாகப் படித்தவள், இருபத்தேழு வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஜூலையில், மத்தளம் சொல்லிக்கொடுக்க டெஸ்மண்ட் சார் வந்தார். வேனிலிருந்து நாற்பது ஜெம்பேக்கள் இறங்கின. ஜெம்பே என்பது இடுப்பு சிறுத்த ஆப்பிரிக்க மத்தளம். மேலே தோல், அடிப்பக்கம் திறந்திருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, வெறுங்கையால் அடிக்க வேண்டும்.

டெஸ்மண்ட் வட்டத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். “சில்ட்ரன், இங்க ராங் பீட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உங்க கை, உங்க பீட். எல்லாம் சேர்ந்தா ஒரே சர்க்கிள்!”

ஸ்னேஹா ஒரு தட்டு தட்டினாள். தட்டிவிட்டு, யாரோ கிள்ளியதுபோல் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். நிமிர்ந்து ஜோவிதாவைத் தேடி, நெஞ்சின்மேல் கையை மூடி மூடித் திறந்தாள்.

“இங்கே வருது” என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு ஜோவிதா சந்தோஷத்தில் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாளாம். அழுதாள் என்று எழுத எனக்குத் தயக்கம்தான், ஆனால் அழுதது நிஜம், அதனால் இருக்கட்டும்.

நான்கு வாரம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது வாரம், பெற்றோர் முன்னால் மேடையேறப் போகிறோம் என்று முடிவானது. அதோடு டெஸ்மண்டுக்கு ஒரு ‘ஃபினிஷ்’ தேவைப்பட்டது. அவர் இரண்டு கைகளையும் தூக்கி முஷ்டியை மூடினால் நாற்பது மத்தளமும் ஒரே நொடியில் நிற்க வேண்டும். முப்பத்தொன்பது நின்றன. ஒன்று மட்டும், அந்த அமைதிக்கு நடுவில், டும் என்று ஒரு அடி கூடுதலாக அடித்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி செய்தார்கள். மறுபடி டும்.

ஜோவிதா மூன்று பயிற்சிகள் உற்றுப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டாள். டெஸ்மண்ட் நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் முகம் ஸ்னேஹா பக்கம் இருக்கும்போது அவள் சரியாக நிறுத்துகிறாள். முதுகு காட்டும்போது கை தெரிவதில்லை. பக்கத்துப் பிள்ளைகள் நிறுத்துவதைப் பார்த்துத்தான் அவளும் நிறுத்துகிறாள். அதற்குள் ஒரு அடி விழுந்துவிடுகிறது.

பயிற்சி முடிந்து அவர் தண்ணீர் குடிக்கும்போது ஜோவிதா பக்கத்தில் போனாள்.

“சார், நீங்க நடுவுல நிக்காம இப்படி ஓரமா நின்னா போதும். அவளுக்கு எப்பவும் உங்க கை தெரியும். இல்லன்னா அவளுக்கு எதிர்ல நின்னு நான் சிக்னல் குடுக்கறேன்.”

டெஸ்மண்ட் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பவர். “ஜோவிதா, நான் நடுவுல இருக்கறதுதாம்மா இதோட ஐடியாவே. ஒருத்தருக்காக நகர்ந்துட்டா சர்க்கிள் உடைஞ்சிடும். நீங்க எதிர்ல நின்னா வீடியோல விழுவீங்க.”*

* உடைந்துவிடுமாம். பிறகு ஒரு நாள் அந்த ஹாலுக்குப் போய் நானே நடந்து பார்த்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஐந்து எட்டு வைத்தால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கு அடுத்தவரை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொடுக்க வந்த மனிதரால் ஐந்து எட்டு நகர முடியவில்லை.

4

இங்கே ஒரு சிக்கல். என் முதல் பிரதியில் டெஸ்மண்டுக்குக் குடுமி வைத்தேன், கழுத்தில் மணிமாலை போட்டேன், பொய்ச் சிரிப்பு கொடுத்தேன். தலைமையாசிரியை டோரீன் மேடத்தைக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற கொடுமைக்காரி ஆக்கினேன். எழுதும்போது கை தானாக ஓடியது.

ஜோவிதா ஒத்துக்கொள்ளவில்லை. டெஸ்மண்ட் நல்ல மனுஷர், பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடிவந்து தொங்குவார்கள் என்றாள். டோரீன் மேடம் இல்லையென்றால் ஸ்னேஹாவுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்றாள். இரண்டும் உண்மை. அதனால் குடுமியை வெட்டினேன், கண்ணாடியைக் கழற்றினேன். கோபம் குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது. கெட்டவர்கள் செய்திருந்தால் பேசாமல் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

டோரீன் மேடத்தின் அறையில் நடந்த பேச்சு, ஜோவிதா சொன்னபடி:

“குழந்தை சர்க்கிள்ல இருக்கணும், டெஸ்மண்ட். அதுல மாத்தமே இல்ல. அவ உக்காந்திருக்கறதை பேரண்ட்ஸ் எல்லாரும் பாக்கணும்.”

“இருக்கட்டும் மேடம், எனக்கும் அதான் ஆசை. லாஸ்ட்ல வர்ற அந்த ஒரு டும்தான். உள்ள துணி வெச்சா சத்தம் அமுங்கிடும். ரெக்கார்டிங்ல எல்லாரும் பண்றதுதான்.”

“அவ்ளோதானே? சிக் ரூம்ல பழைய பெட்ஷீட் இருக்கு. ஜோவிதா, ஸொல்ப, கொஞ்சம் பாத்துக்கோம்மா.”

“மேடம், அவளுக்குத் தெரிஞ்சா...”

“அவளுக்குத்தான் காது கேக்காதே. எப்படிம்மா தெரியும்?”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயம். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைக் கதைக்காக நான் ஜோடித்ததாகத் தோன்றும். ஆனால் இதை விட்டுவிட்டால் இந்தக் கதையை எழுதவே வேண்டியதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வட்டத்தில் முப்பத்தொன்பது பேர் காதால் கேட்கிறவர்கள். அவர்களில் யாருடைய மத்தளத்தை அடைத்திருந்தாலும், சுற்றி எழும் இரைச்சலில் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும். தொடையிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் வாங்கிக் கேட்கிறவள் ஒருத்திதான். தன் மத்தளம் செத்தால் அந்த நொடியே தெரிந்துகொள்ளக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவளைத் தேடிப் பிடித்து, உனக்குத் தெரியாது என்று சொல்லி, அவளுடையதை அடைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் குழந்தை எதிரில் உட்கார்ந்து நெஞ்சில் கைவைத்துக் காட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவளைச் சேர்த்துக்கொண்டதில் அவ்வளவு திருப்தி அவர்களுக்கு, அவளைப் பார்க்க நேரமில்லை.

(கத்துகிறேன், தெரிகிறது. கதையைப் பற்றியே பேசும் மீபுனைவில் ஆசிரியர் இப்படிக் கத்தக்கூடாது, புன்னகையோடு விலகி நிற்க வேண்டும். மன்னிக்கவும், எனக்கு அது இன்று வரவில்லை.)

5

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்னேஹா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜெம்பேயை முட்டிக்கு நடுவில் பிடித்தாள். தட்டினாள். நிறுத்தினாள். ஓங்கித் தட்டினாள். பிறகு மத்தளத்தை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோளாறு தன் கையில்தான் என்று நினைத்துவிட்டாள். பாவாடையில் இரண்டையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள்.

குனிந்து தோலின்மேல் கன்னத்தை வைத்துத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து ஜோவிதாவிடம், இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

தூங்குது.

ஜோவிதா என்ன செய்திருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். அவள் செய்தது வேறு. கைகளை உயர்த்தி, “இது மெதுவான டிரம். உனக்காகவே கொண்டுவந்தது” என்றாள். அந்தப் பள்ளியில் ஸ்னேஹாவின் மொழி தெரிந்த ஒரே ஆள் அவள். அந்த மொழியில் ஸ்னேஹாவிடம் சொல்லப்பட்ட முதல் பொய்யும் அவளுடையதுதான்.

ஸ்னேஹா அதை நம்பவில்லை. இடைவேளையில், பக்கத்தில் உட்காரும் அதிதியின் ஜெம்பேயோடு தன்னுடையதை மாற்றி வைத்துவிட்டாள். அதிதி வந்து ஒரு தட்டு தட்டிவிட்டு ஹாலே கேட்கக் கத்தினாள்.

“மிஸ்! இந்த டிரம்ல சவுண்டே வரல மிஸ்! கெட்டுப்போச்சு!”

அடுத்த வாரம் நாற்பது ஜெம்பேயிலும் பெயர் ஒட்டிவிட்டார்கள், இடம் மாற்றக்கூடாது என்று. ஸ்னேஹாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தங்கநிற நட்சத்திரமும் இருந்தது.

6

இந்த இடம் வரை எழுதியதை ஜோவிதாவிடம் காட்டினேன். இதற்கு முந்தைய பிரதி அது. அதில், “இது அநியாயம் மேடம்! நான் செய்ய மாட்டேன்!” என்று அவள் மேஜையைத் தட்டிவிட்டு வெளியேறுவதாக ஒரு காட்சி இருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றபடியே படித்தாள்.

“இது யாருங்க?”

“நீதான்.”

“நான் மேஜையெல்லாம் தட்டலையே. நான்தான் பெட்ஷீட்டை மடிச்சேன். நாலா மடிச்சேன். கையால தள்ளினா போகல, மரஸ்கேல் வெச்சுக் குத்தி உள்ள தள்ளினேன். வெளியில துணி தெரியுதான்னு தூக்கியும் பாத்தேன். அத எழுதுங்க.”

“உன்னைத் தப்பா நினைப்பாங்களே.”

“நினைக்கட்டும். அப்புறம், இதுல நீங்க எங்க? மூணாவது வரிசைல உக்காந்து கைதட்டினீங்களே, அத காணோமே?”

முதல் பகுதியின் கடைசி வாக்கியத்தை அன்றைக்குத்தான் சேர்த்தேன். அதற்கு முன்பு வரை இந்தக் கதையில் நான் மிகவும் நல்லவளாக இருந்தேன்.

7

இனி மேடை. சனிக்கிழமை காலை பதினோரு மணி, ஹால் நிறையப் பெற்றோர். என் வரியை ஒரு பெண் மைக்கில் அழகாகப் படித்தாள். ஜெம்பேக்கள் முழங்கத் தொடங்கின. இங்கே முடிவுகள் கிளை பிரிகின்றன.

முடிவு ஒன்று: ஜோவிதா மேடையேறி, ஸ்னேஹாவின் மத்தளத்தைக் கவிழ்த்து, எல்லார் கண்ணெதிரிலும் பெட்ஷீட்டை உருவி எறிகிறாள். டோரீன் மேடம் தலைகுனிகிறார், டெஸ்மண்ட் ஐந்து எட்டு நகர்ந்து—

தரமாட்டேன். இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். நிம்மதி கொடுக்கிற வேலையைத்தான் அந்த நிகழ்ச்சியும் செய்தது.

முடிவு இரண்டு: ஸ்னேஹாவே பெட்ஷீட்டை இழுத்துப் போடுகிறாள்.

இதுவும் முடியாது. நான்கு பெரியவர்கள் செய்யாததை ஒன்பது வயதுப் பிள்ளை எதற்காகச் செய்ய வேண்டும்? (டெஸ்மண்ட், டோரீன், ஜோவிதா மூன்று பேர்தானே, நான்காவது யார் என்று எண்ணுகிறவர்களுக்கு: நான்தான். ஒத்திகைக்கு ஒரு நாள் போயிருந்தேன். ஒரு பிள்ளை மட்டும் தன் கைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தாளத்துக்கு ஏற்ற பாவனை என்று நினைத்துக்கொண்டேன்.)

நடந்தது இது. ஸ்னேஹா கொஞ்ச நேரம் அடித்தாள். பிறகு மத்தளத்தைக் கீழே வைத்தாள். எழுந்து அதிதியின் பக்கம் போய்த் தரையில் மண்டியிட்டு, அதிதியின் ஜெம்பேயை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கன்னத்தை மரத்தின்மேல் அழுத்திக்கொண்டாள். அதிதி நிறுத்தாமல் அடித்தாள். ஸ்னேஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹாலே உருகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த அம்மா கைக்குட்டையை எடுத்தார். முன்னமே சொல்லிக்கொடுத்து வைத்த காட்சி என்று நினைத்தவர்கள் பாதி, தெய்வச்செயல் என்று நினைத்தவர்கள் பாதி. டெஸ்மண்ட் முஷ்டியை மூடினார். முப்பத்தொன்பதும் ஒரே நொடியில் நின்றன. அவர் கேட்ட அதே ஃபினிஷ்.

டெஸ்மண்ட் அந்த நாற்பது நொடியை மட்டும் வெட்டிப் போட்ட வீடியோ இப்போது எங்கெங்கோ சுற்றுகிறது. மேலே என் வரியை ஒட்டியிருக்கிறார்கள். தன்னுடையதைப் பிடுங்கிவிட்டதால் அடுத்தவள் மத்தளத்தில் ஒண்டப்போன குழந்தையைக் காட்டி, ஏற்றுக்கொள்வது என்றால் இதுதான் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறார்கள். வீடியோவைப் பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்கள் அடுத்த மாதம் இதே வட்டத்தை அழைத்திருக்கின்றன. ஸ்னேஹா கட்டாயம் வர வேண்டும், கடைசியில் அதேபோல் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். பெட்ஷீட் உள்ளேயே இருக்கட்டும் என்று பள்ளியில் ஜோவிதாவிடம் சொல்லிவிட்டார்கள்.

8

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு, பள்ளி கேட்டில் செண்பகம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜோவிதாவிடம் வந்தார்.

“பாத்தீங்களா மிஸ்? தங்கவயல்ல எங்க அண்ணன் பாத்துட்டு போன்லயே அழுதுட்டாரு. எங்க தெருவுல எல்லார் போன்லயும் இவதான்.”

“பாத்தேன் அக்கா.”

ஸ்னேஹா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகம் வீடியோவை மறுபடி ஓடவிட்டு, ஒரு இடத்தில் விரலால் நிறுத்தினார். கீழே வைத்த ஜெம்பே தெரிகிற இடம்.

“எல்லாரும் கட்டிப்புடிச்சதையே பாக்கறாங்கோ. நான் இத்தத்தான் பாக்கறேன். ஆசை ஆசையா அடிப்பாளே மிஸ், வூட்ல குடத்தை கவுத்து வெச்சுனு அடிப்பா. இன்னாத்துக்கு தன் ட்ரம்ம வுட்டுட்டு அந்தப் பாப்பாகிட்ட போனா? வூட்ல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா. மிஸ்ஸ கேளுன்னு கைய காட்டறா. இவ ட்ரம்முக்கு இன்னா ஆச்சு மிஸ்?”

இதுவரை சொல்லிவிட்டு ஜோவிதா நிறுத்திக்கொண்டாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “நீங்களே எழுதுங்க, எழுதறவங்கதானே” என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஜோவிதாவின் வேலை போகலாம். செண்பகம் சும்மா விடமாட்டார், சண்டை வரும், “எங்ககிட்ட வசதி இல்லம்மா” என்று இந்தப் பள்ளியும் சொல்லலாம். ஐந்தாவது பள்ளிக்கு எங்கே போவது? சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இரண்டு மேடை, அதே மத்தளம். எது சரி என்று குழம்புவதாக நடிக்க எனக்கு இஷ்டமில்லை. எது சரி என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் பெட்ஷீட்டை மடித்தோம், கைதட்டினோம், வீடியோவை நாலு பேருக்கு அனுப்பினோம்.

அதனால் பதிலை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஜோவிதாவின் பதிலாகிவிடும், நீங்கள் அவளைப் பாராட்டிவிட்டோ திட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அவளை இந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கேட்டில் இப்போது அவள் இல்லை, அவள் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். செண்பகம் போனை இறக்கிவிட்டு உங்கள் வாயைப் பார்க்கிறார். ஸ்னேஹா உங்கள் கைகளைப் பார்க்கிறாள்.